வெம்மையும் நீரோட்டமும்

ஓடி வந்து நின்ற ஒரு காரின் முன்மூடியைத் திறந்து பார்ப்போர்க்கு, எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் படிந்த ஓர் உலோகத் திரளே கண்ணுக்குப் புலனாகும். அதனுள்ளே சற்று முன்வரை நெருப்பு வளர்ந்துகொண்டிருந்தது என்பது புறத்தே தோன்றாது. சிலிண்டர் எனப்படும் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எரியும்பொழுது, அங்குள்ள வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை சென்டிகிரேடுக்கும் மேலே செல்கின்றது. அலுமினியமோ 660 பாகையிலேயே உருகி ஓடிவிடும். இக்கால எஞ்சின்களின் பிஸ்டனும் உருளைகளை மூடியிருக்கும் தலைப்பகுதியும் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவையே. உருக வேண்டிய உலோகம் உருகாமல் பல்லாண்டு உழைக்கின்றதெனில், அதற்கு முதற்காரணம் உருளைகளைச் சுற்றி இடையறாது ஓடும் நீரே ஆகும்.

எரியும் பெட்ரோலின் ஆற்றலை மூன்று கூறாகப் பகுத்தால், ஏறத்தாழ ஒரு கூறே வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகின்றது. மற்றொரு கூறு புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றது. எஞ்சிய கூறு உலோகத்தில் இறங்கி அதனைச் சுடுகின்றது. அவ்வெப்பத்தை ஏற்று, வண்டியின் முகப்பிலுள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுசென்று, அங்கே காற்றில் கலக்கவிட்டு, மீண்டும் எஞ்சினுக்குள் புகுவதே நீரின் வேலை. அந்நீரைச் சுற்றிவரச் செய்யும் கருவிக்கு நீர்ப்பம்பு என்று பெயர்.

இக்கருவி கார் தோன்றிய நாளிலேயே தோன்றியதன்று. ஜெர்மானியராகிய கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், நீர் கொதித்து ஆவியாகிப் போவதனாலேயே எஞ்சின் குளிர்ந்தது. 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவியார் பெர்த்தா பென்ஸ் தம் புதல்வர் இருவரையும் உடன்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு அவ்வகை வண்டியிற் சென்றார். வழியெங்கும் அடிக்கடி நின்று நீர் வார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் போர்டு தொழிற்சாலை 1908 முதல் 1927 வரை ஆக்கிய 'டி மாடல்' காரின் கதை வேறு. முதல் 2,500 வண்டிகள் அளவில் பம்பு வைத்துப் பார்த்தபின், அதனை வேண்டாமென்று நீக்கிவிட்டனர். சூடேறிய நீர் இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும். அடுப்பிலேற்றிய உலைநீர் தானே புரள்வது போன்ற இவ்வியற்கை ஓட்டமே 20 குதிரைத்திறன் உடைய அச்சிறு எஞ்சினுக்குப் போதியதாயிற்று. எஞ்சின்களின் திறன் பெருகப் பெருக அவ்வோட்டம் போதவில்லை, பம்பு இன்றியமையாததாயிற்று.

பம்பின் அமைப்பு எளியது. வட்டமான கூட்டினுள் இதழ்கள் பொருந்திய சிறு சக்கரம் ஒன்று சுழலும். அது மையத்தில் நீரை வாங்கி விளிம்பை நோக்கி வீசும். அச்சக்கரத்தைச் சுழற்றுவது எஞ்சினே. எஞ்சினின் முதன்மைத் தண்டிலிருந்து ஒரு பெல்ட்டு பம்பிற்கு ஓடுகின்றது. தண்டு சுழன்றால் பம்பும் சுழலும்.

முன்னாளில் கிணற்றிற் கவலை பூட்டி நீர் இறைத்ததைக் கேள்வியுற்றோர் இதன் குறையை எளிதில் உணர்வர். மாடுகள் விரைந்து நடந்தால் வாய்க்காலில் நீர் மிகும்; தளர்ந்து நடந்தால் குறையும்; நின்றால் நிற்கும். பயிர் எத்துணை நீர் வேண்டுகின்றது என்பதை மாடு அறியாது. பெல்ட்டினால் சுழலும் பம்பும் அத்தகையதே. எஞ்சினின் வேகம் அதற்குத் தெரியும். எஞ்சினின் வெப்பம் தெரியாது. வேகமும் வெப்பமும் ஒன்றல்ல. சுமையேற்றிய வண்டி மலைப்பாதையில் ஏறும்பொழுது எஞ்சின் நிமிடத்திற்கு 2,500 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். அதே வண்டி அதே பாதையில் இறங்கும்பொழுதும், தாழ்ந்த கியரில் இருப்பின், 2,500 சுற்றே சுழலக்கூடும். ஏறும்பொழுது எஞ்சின் தணலாய்க் கொதிக்கின்றது. இறங்கும்பொழுது பெட்ரோல் எரிவதே அரிது. பம்போ இரண்டு வேளையிலும் ஒரே அளவு நீரைத் தள்ளிக்கொண்டிருக்கின்றது.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. இவ்வகைப் பம்பின் வேகம் இரு மடங்கானால், அது தள்ளும் நீர் இரு மடங்காகும். நீரின் அழுத்தம் நான்கு மடங்காகும். அது உண்ணும் திறனோ எட்டு மடங்காகும். நின்றுகொண்டிருக்கும் காரின் எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றும், பாய்ந்தோடும் காரின் எஞ்சின் 6,400 சுற்றும் சுழலுமாயின், வேகம் எட்டு மடங்கு ஆகின்றது. நீரும் எட்டு மடங்கு. ஆனால் பம்பு உண்ணும் திறன் எட்டை எட்டால் பெருக்கி மீண்டும் எட்டால் பெருக்கிய அளவு, அதாவது 512 மடங்கு. போதாக்குறைக்கு, மிகு வேகத்தில் சக்கரத்தின் இதழ்களின் பின்னே நீராவிக் குமிழிகள் தோன்றி நீரோட்டத்தைக் குலைக்கவும் கூடும். நெரிசலில் நிற்கும் வண்டிக்கு ஏற்ற பெரிய பம்பை வைத்தால், வேகத்தில் அது திறனை வீணே விழுங்கும். வேகத்திற்கு ஏற்ற சிறிய பம்பை வைத்தால், நெரிசலில் எஞ்சின் கொதிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே ஏதோ ஓர் அளவைத் தேர்ந்து அமைதியடைவதே நெடுங்காலம் பொறியியலாரின் வழக்கமாயிருந்தது.

இக்குறையை மிகுதியும் உணர்ந்தவர் பந்தயக்காரர். அமெரிக்காவில் 'டிராக்' என்னும் நேர்கோட்டுப் பந்தயம் பெருவழக்காக உள்ளது. 1951ஆம் ஆண்டிலேயே அதற்கென 'தேசிய ஹாட் ராட் சங்கம்' என்னும் அமைப்பு தோன்றிவிட்டது. இரு கார்கள் அருகருகே நின்று, விளக்கு எரிந்தவுடன் பாய்ந்து, வழக்கமாகக் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடி முடிக்கும். செவர்லே நிறுவனம் 1955இல் வெளியிட்ட 4.3 லிட்டர் எட்டு உருளை எஞ்சினும் அதன் வழிவந்த எஞ்சின்களும் இக்களத்தில் மிகுதியாகப் பயின்றவை. ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த ஓட்டத்திற்குள் எஞ்சினைக் குளிர்விக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தினால் பம்பும் நின்றுவிடும். பம்பிற்காக எஞ்சினை ஓடவிட்டாலோ மேலும் வெப்பம் பிறக்கும். இம்முரண்பாட்டைத் தீர்த்தது மின்பம்பு. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பழைய பம்பு இருந்த இடத்திலேயே மின்மோட்டாருடன் கூடிய பம்பைப் பொருத்தினர். சிலர் பழைய பம்பையே வைத்துக்கொண்டு அதனை ஒரு சிறு மின்மோட்டாரால் சுழற்றினர். எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டரியின் துணையால் பம்பையும் விசிறியையும் ஓடவிடுதல் இதனாற் கைகூடிற்று. பம்பு விழுங்கிவந்த சில குதிரைத்திறனும் சக்கரத்திற்கு மிஞ்சியது. நொடியை நூறாகப் பகுத்து வெற்றி தோல்வி காணும் ஆட்டத்தில் அதுவும் சிறிதன்று.

பந்தயக் களத்தில் புகழ்பெற்ற கருவி தெருவுக்கு வருதல் இயல்பே. ஆற்றல் மிக்க கார் வைத்திருப்போர் பலர் அதனை விழாநாளில் மட்டும் வெளியே எடுப்பவர் அல்லர். நாள்தோறும் வேலைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அக்காரையே ஓட்டுகின்றனர். அத்தகைய காரில் மின்பம்பைப் பொருத்துதல் தகுமா என்பது எளிதில் விடை கூறத்தக்க வினா அன்று. டிராக் பந்தயக் கார் ஒரு நாளில் சில நிமிடங்களே ஓடுகின்றது. ஓட்டம் முடிந்ததும் பொருத்துநர் சூழ்ந்து நின்று ஒவ்வோர் உறுப்பையும் பார்க்கின்றனர். நாள்தோறும் ஓடும் கார் ஆண்டிற்கு 15,000 கிலோமீட்டர், சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால், 375 மணி நேரம் ஓடுகின்றது. ஐந்தாண்டில் ஏறக்குறைய 1,900 மணி. அத்தனை மணியும் பம்பை எவரும் திறந்து பார்ப்பதில்லை.

முதலில் நன்மையைக் காண்போம். மின்பம்பு எஞ்சினின் வேகத்திற்குக் கட்டுப்பட்டதன்று. நீரின் வெப்பநிலையை அளக்கும் உணர்கருவி ஒன்றும், அதன்படி மோட்டாருக்கு மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் விடும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும் அதனோடு சேர்ந்து வரும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது பம்பு சில நொடி ஓடிச் சில நொடி ஓயும்; எஞ்சின் விரைவில் தக்க சூட்டை அடையும். குளிர்ந்த எஞ்சின் விரைந்து தேயுமாதலின் இது சிறு நன்மை அன்று. நெரிசலில் வண்டி நின்று நின்று நகரும்பொழுது, எஞ்சின் 800 சுற்றிலேயே சோம்பிக் கிடந்தாலும் பம்பு தன் முழு வேகத்தில் ஓடும். மூன்றாவது நன்மையே எல்லாவற்றினும் சிறந்தது. விரைந்து ஓடிய காரைச் சட்டென நிறுத்தி எஞ்சினை அணைத்தால், பெல்ட்டுப் பம்பு அக்கணமே நின்றுவிடும். புகைவாய்களைச் சூழ்ந்த உலோகத்திலோ வெப்பம் தேங்கிக் கிடக்கும். ஓட்டமின்றித் தேங்கிய நீர் அவ்விடத்தில் கொதித்து ஆவிக் குமிழியாகும். மின்பம்பு எஞ்சின் அணைந்த பின்னும் சில நிமிடம் ஓடி, அவ்வெப்பத்தை ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் தானே ஓயும்.

இனி, மின்பம்பு தள்ளும் நீர் போதுமா என்பதைக் கணக்கிட்டு அறியலாம். ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை சூடேற 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நிமிடத்திற்கு 80 லிட்டர் தள்ளும் பம்பு நொடிக்கு 1.33 லிட்டர் தள்ளுகின்றது. எஞ்சினுக்குள் நுழையும் நீர் 10 பாகை கூடுதல் சூட்டுடன் வெளியேறுமாயின், நொடிக்கு 56 கிலோஜூல், அதாவது 56 கிலோவாட் வெப்பம் அகல்கின்றது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் சீராக ஓடும் காருக்கு 15 முதல் 20 கிலோவாட் திறனே தேவை. நீரில் இறங்கும் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே நாட்பாட்டில் இப்பம்பு போதும், மிஞ்சியும் இருக்கும். 300 குதிரைத்திறன் உடைய எஞ்சினை முழு ஆற்றலுடன் ஓட்டினால் நீரில் இறங்கும் வெப்பம் 100 கிலோவாட்டையும் தாண்டக்கூடும். ஆயினும் பொதுச்சாலையில் அவ்வாறு ஓட்டுதல் சில நொடிகளுக்கு மேல் இயலாது. அதுவரை எஞ்சினின் உலோகமும் நீருமே அவ்வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். வட்டத் தடத்தில் அரைமணி நேரம் இடைவிடாது விரைவோர் மட்டும் இன்னும் பெரிய பம்பைத் தேட வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே நம்பிவிடலாகாது என்பதையும் சொல்லவேண்டும். அது தடையற்ற குழாயில் கண்ட அளவு. ரேடியேட்டரின் நுண்குழாய்களும் எஞ்சினுள் வளைந்து செல்லும் வழிகளும் ஓட்டத்தைத் தடுப்பதால், உண்மையில் கிடைப்பது அதனிற் குறைவே.

இவ்விடத்தில், பட்டறைகளில் வழங்கும் ஒரு தவறான கருத்தையும் களைந்துவிடுதல் நன்று. நீர் மிக விரைந்து ஓடினால் ரேடியேட்டரில் வெப்பத்தை விட அதற்கு நேரமிராது. ஆதலின் ஓட்டம் மெதுவாகவே இருக்கவேண்டும் என்பர் சிலர். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் நீர் ஓடுவது ஒரு மூடிய வட்டத்தில் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். விரைந்தோடும் நீர் ரேடியேட்டரில் ஒருமுறை தங்கும் நேரம் குறைவுதான். ஆனால் அது அங்கே வரும் முறைகள் மிகுதி. மெதுவாக ஓடும் நீர் ரேடியேட்டரில் நெடுநேரம் தங்கினால், எஞ்சினுள்ளும் நெடுநேரம் தங்கிக் கொதிக்கும் அன்றோ? உண்மையில் ஓட்டம் விரையுமளவு குழாய்ச் சுவரோடு நீர் நன்கு கலந்து உராய்ந்து வெப்பத்தை எளிதிற் கைம்மாற்றுகின்றது. தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவைக் கழற்றிய சில கார்கள் கொதித்ததைச் சிலர் சான்று காட்டுவர். அதற்குக் காரணம் வேகம் அன்று. அக்கதவின் குறுகிய வாயிலே எஞ்சினுள் நீரழுத்தத்தை நிலைநிறுத்திக் குமிழி தோன்றாமற் காத்துவந்தது. அழுத்தம் மிகுந்தால் நீரின் கொதிநிலையும் உயரும். காற்றழுத்தத்தினும் மேலாக மற்றொரு காற்றழுத்த அளவை ரேடியேட்டர் மூடி தாங்கி நிற்குமானால், நீர் 100 பாகையில் கொதியாது 120 பாகையிலேயே கொதிக்கும்.

மின்பம்பு திறனைச் சும்மா தருவதும் இல்லை. பம்பிற்கு வேண்டும் மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் ஆக்குகின்றது. ஆல்டர்னேட்டரை எஞ்சின் சுழற்றுகின்றது. அது தான் பெறும் திறனில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கையே மின்சாரமாகத் திருப்பித் தரும். 200 வாட் உண்ணும் பம்பிற்காக எஞ்சின் ஏறக்குறைய 350 வாட் செலவிட நேரும். எனினும் மிகு வேகத்தில் பெல்ட்டுப் பம்பு விழுங்குவதை நோக்க இது சிறிதே. கவலைக்குரியது வேறொன்று. மழைபெய்யும் இரவில் நெரிசலில் நிற்கும் காரை எண்ணிப் பார்க்கவேண்டும். முகப்பு விளக்குகள் 8 ஆம்பியர், ரேடியேட்டர் விசிறி 20, பம்பு 10, மேலும் கண்ணாடி துடைப்பான், குளிர்காற்றுக் கருவி என எல்லாம் ஒரே வேளையில் மின்சாரம் கேட்கும். ஆல்டர்னேட்டரோ எஞ்சின் சோம்பிச் சுழலும் அவ்வேளையிலேதான் மிகக் குறைவாகத் தரும். பழைய கார்களில் இப்பற்றாக்குறையைப் பாட்டரி ஈடுசெய்துகொண்டே வந்து, ஒருநாள் காலையில் எஞ்சினைக் கிளப்ப மறுத்துவிடும். பம்பை வாங்குவோர் ஆல்டர்னேட்டரின் வலிமையையும் அன்றே கணக்கிட வேண்டும்.

மின்பம்பைப் பற்றி எழும் அச்சத்தின் வேர் இன்னும் ஆழத்தில் உள்ளது. பெல்ட்டுப் பம்பு சாகும் முன்னர் நோய்ப்படுகின்றது. அதன் தாங்குருளை தேய்ந்தால் கிறீச்சிடும். உள்ளிருக்கும் அடைப்புப் பழுதானால், அதற்கென்றே விட்டிருக்கும் சிறு துளை வழியே நீர் கசிந்து தரையில் சொட்டும். பெல்ட்டு தளர்ந்தால் ஓலமிடும். பல கார்களில் அதே பெல்ட்டு ஆல்டர்னேட்டரையும் சுழற்றுவதால், அது அறுந்தால் உடனே ஓட்டுநர் முன்னே சிவப்பு விளக்கு எரியும். பல வாரங்களுக்கு முன்பே அறிவிப்புத் தந்து, பழுதுபார்க்கக் கால அவகாசமும் தந்து நிற்கும் பண்பு அதனிடம் உண்டு.

மின்பம்பு பேசாது. ஒரு பியூஸ் உருகினாலும், ஒரு ரிலே ஒட்டிக்கொண்டாலும், அதிர்வில் ஒரு கம்பி முனை கழன்றாலும், அக்கணமே நின்றுவிடும். அப்பொழுதும் எஞ்சின் எப்பொழுதும்போல் ஓடிக்கொண்டிருக்கும். சத்தத்தில் வேறுபாடு இராது. சாலையில் விரையும் எஞ்சின் நீரோட்டம் நின்ற பிறகு பழுதின்றி ஓடும் காலம் மிகக் குறுகியது. அலுமினியத் தலைப்பகுதி சூட்டில் வளைந்துவிட்டால், அதற்கும் உருளைத் தொகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு பிளந்து, நீர் உருளைக்குள் புகும். பின்னர் எஞ்சினை முழுதும் பிரித்தாலன்றி வண்டி ஓடாது. பம்பின் விலையையும் எஞ்சினின் விலையையும் ஒப்பிட்டு நோக்கினால், இங்கே எது பணயமாக வைக்கப்பட்டிருக்கின்றது என்பது புலனாகும்.

இதனினும் வஞ்சகமான நிலை ஒன்று உண்டு. பொருத்துதற்கு எளிதென்று கருதிப் பலர் வெப்ப உணர்கருவியை ரேடியேட்டருக்குச் செல்லும் இரப்பர்க் குழாயில் செருகிவிடுகின்றனர். பம்பு ஓடும்வரை அது உண்மையே சொல்லும். பம்பு நின்றவுடன் குழாயிலுள்ள நீரும் நின்று மெல்லக் குளிரத் தொடங்கும். எஞ்சின் தலைப்பகுதியில் நீர் கொதித்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் முன்னுள்ள முள்ளோ வெப்பம் குறைகின்றதென்று காட்டும்.

கார்த் தொழிற்சாலைகள் இவ்வச்சத்தை எவ்வாறு வென்றன என்பதை அறிதல் பயன் தரும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆறு உருளை எஞ்சினில் பெல்ட்டுப் பம்பை நீக்கி மின்பம்பை வைத்தது. பழைய முறைப் பம்பு 2 கிலோவாட் வரை உண்ணுமிடத்தில் இது 200 வாட்டே உண்ணும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 2009இல் வெளியிட்ட மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் காரிலோ எஞ்சினின் துணைக்கருவிகளை ஓட்டும் பெல்ட்டே இல்லை. நீர்ப்பம்பும் குளிர்காற்றுக் கருவியும் மின்சாரத்தாலேயே இயங்கின. பிரியஸ் பந்தயக் கார் அன்று. சிக்கனத்திற்குப் பெயர் பெற்ற வீட்டுக் கார். நாள்தோறும் ஓடும் காருக்கு மின்பம்பு ஒவ்வாது என்று பொதுப்படக் கூறுவோர்க்கு இதுவே விடை. ஆயினும், தொழிற்சாலையில் வைத்த பம்பு வெறும் மோட்டார் அன்று என்பதை மறத்தலாகாது. பி.எம்.டபிள்யூ. காரின் பம்பு தான் எவ்வளவு வேகத்தில் சுழல்கின்றது என்பதை எஞ்சினின் கணினிக்கு இடைவிடாது தெரிவித்துக்கொண்டே இருக்கும். அது தளர்ந்தாலோ நின்றாலோ கணினி உடனே ஓட்டுநருக்கு அறிவித்து, எஞ்சினின் ஆற்றலையும் குறைத்துவிடும். பேசாத கருவிக்கு அங்கே வாய் அமைத்திருக்கின்றனர். கடையில் வாங்கிப் பழைய காரிற் பொருத்தும் பம்புகள் பலவற்றிற்கு அவ்வாய் இல்லை.

ஆகவே நாள்தோறும் ஓட்டும் காருக்கு இரண்டு வழிகளே தக்கவை. நெரிசலிற் கொதித்தலும், நிறுத்தியபின் வெப்பம் தேங்குதலுமே ஒருவருடைய இடர் என்றால், பெல்ட்டுப் பம்பைக் கழற்றாமலே வைத்துக்கொண்டு, துணையாக ஒரு சிறு மின்பம்பை மட்டும் சேர்த்தல் போதும். டர்போ பொருத்திய கார்கள் சிலவற்றில், எஞ்சின் அணைந்தபின் ஓடுதற்கென்றே இத்தகைய சிறு பம்பைத் தொழிற்சாலையிலேயே வைத்திருக்கின்றனர். துணைப்பம்பு நின்றாலும் தலைமைப் பம்பு நில்லாது. பெரும்பாலோர்க்கு இதுவே நல்ல வழி. சில குதிரைத்திறனுக்காக மட்டும் பெல்ட்டைத் துறப்பவர், வேலைக்குச் செல்லும் வழியில் அத்திறனைப் பயன்படுத்த இடமே காணமாட்டார்.

எஞ்சின் மாற்றியமைக்கப்பட்டுப் பழைய பம்பு பொருந்தாமற் போனாலும், முன்புறத்தில் இடமில்லாமற் போனாலும், முழுதும் மின்பம்பையே நம்பவேண்டி வரும். அப்பொழுது செய்யத்தக்கவை சில உண்டு. பம்பிற்குத் தனிக் கம்பி, தனி ரிலே, தனிப் பியூஸ் வைத்தல் வேண்டும். கம்பி பருமனாக இருத்தல் வேண்டும். புகைக்குழாயின் அருகே அதனைக் கொண்டுசெல்லலாகாது. பம்பை ரேடியேட்டரின் கீழ்ப்புறக் குழாயில், குளிர்ந்த நீர் வரும் பக்கத்தில், நீர்மட்டத்திற்குத் தாழப் பொருத்தவேண்டும். காற்றுப் புகுந்தால் பம்பு நீரைப் பற்றாது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் உணர்கருவி எங்கிருப்பினும், ஓட்டுநர்க்கு எச்சரிக்கை தரும் உணர்கருவி எஞ்சின் தலைப்பகுதியின் உலோகத்திலேயே திருகப்பட்டிருத்தல் வேண்டும். அது முள்ளை மட்டும் நகர்த்தினாற் போதாது. சாலையை நோக்கி ஓட்டுபவர் முள்ளை எத்தனை முறை பார்ப்பார்? கண்ணிற் படும் சிவப்பு விளக்கும் காதில் விழும் மணியும் வேண்டும். பம்பிற்குச் செல்லும் மின்சாரம் தடைப்பட்டால் எரியும் இன்னொரு விளக்கும் வைத்தால், வெப்பம் ஏறுமுன்பே அறிவிப்புக் கிடைக்கும்.

இவை யாவும் பொருத்தி முடித்த அன்றே ஒரு சோதனை செய்து பார்ப்பது பட்டறையறிந்தோர் வழக்கம். வண்டியை நிறுத்திவைத்து, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, பம்பின் பியூஸைக் கையாற் பிடுங்கிவிட்டுக் காத்திருப்பர். முதல் விளக்கு அக்கணமே எரியவேண்டும். மணியும் இரண்டாம் விளக்கும் நீர் கொதிக்குமுன் எழவேண்டும். அறிவிப்பு வந்தவுடன் எஞ்சினை அணைத்துப் பியூஸை மீண்டும் செருகுவர். விளக்கு எரியாவிடின், அல்லது முள் ஏறுவதற்கு மாறாக இறங்குமாயின், உணர்கருவியின் இடத்தை மாற்றி மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். அதுவரை அவ்வண்டி பட்டறையிலேயே நிற்கும். அதன் உடையவர் பேருந்திலேயே வேலைக்குச் செல்வார்.